வாசகர் கேள்வி–பதில்: அங்கோருக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்?

உலகப் புகழ் பெற்ற சுற்றுலாத் தலங்களுள் எவை நேரில் சென்று காணத் தகுந்தவை என்று கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பகுதி கம்போடியாவின் அங்கோரைப் பற்றியே இருந்தமையால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நானும் என் மனைவியும் ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வாழ்நாளில் ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணம்தான் எங்களால் இயலும். ஈபிள் கோபுரம், சீனப் பெருஞ்சுவர், மச்சு பிச்சு, அங்கோர் வாட் என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். எங்கே போகலாம்?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தயக்கமின்றி அங்கோருக்குச் செல்லுங்கள். மற்றவை பார்க்கத் தகாதவை என்பது இதன் பொருளன்று. மச்சு பிச்சுவைக் காண வேண்டுமானால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் குஸ்கோ நகரில் தங்கி, மெல்லிய காற்றுக்கு உடலைப் பழக்கிக்கொண்டு செல்ல வேண்டியிருக்கும். இங்கிருந்து பெரு நாட்டுக்குச் சென்று சேர்வதற்கே உடலும் பணமும் கரைந்துவிடும். ஈபிள் கோபுரத்தை அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம். அங்கோரோ ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்பில், காட்டுக்கும் வயலுக்கும் ஏரிக்கும் நடுவே விரிந்து கிடக்கும் ஒரு தலைநகரத்தின் எச்சம்; அங்கோர் வாட் அதிலுள்ள கோயில்களுள் ஒன்று. எத்தனை நாள் தங்கினாலும் பார்க்க மிச்சம் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அங்கே சுவர் சுவராகச் செதுக்கப்பட்டிருக்கும் கதைகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரையும், இருபது கைகளோடு தேரில் நிற்கும் இராவணனையும், அனுமன் தோளில் நின்று வில் வளைக்கும் இராமனையும் யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற நாட்டுப் பயணிகள் நூல்களைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை நீங்கள் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்வீர்கள். கதை தெரிந்திருப்பதால், கம்போடியாவின் கெமர் இனச் சிற்பி அதை எங்கே தன் வழியில் மாற்றிச் சொல்கிறான் என்பதும் கண்ணில் படும். என் மதிப்பீட்டில், அங்கோர் தரும் மகிழ்ச்சியில் பாதி அதில்தான் இருக்கிறது.

கேள்வி: ஒரு பயண நிறுவனம் தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா மூன்றையும் சேர்த்து ஒரு தொகுப்புப் பயணம் தருகிறது. அதில் அங்கோருக்கு ஒரு நாள். விடியலில் அங்கோர் வாட், பிறகு பேயோன், பிறகு தா புரோம். இது போதுமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: போதாது. ஒரு நாளில் மூன்று கோயில்களின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அவற்றைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று நாள் வேண்டும். 2017 முதல் வெளிநாட்டவருக்கான நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர், ஏழு நாளுக்கு 72 டாலர் என்று இருக்கிறது. மூன்று நாள் சீட்டைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. பத்து நாள்களுக்குள் விருப்பமான மூன்று நாள்களில் செல்லலாம். கட்டணம் மாறியிருக்கிறதா என்பதைப் புறப்படுமுன் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். ஆகவே விடியற்காலையில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். குளத்தங்கரையில் பெருங்கூட்டம் நின்று பார்ப்பது கோபுரங்களின் கரிய நிழலுருவத்தைத்தான். அது அழகான காட்சியே. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்களில், மேற்கு வாயிலிலிருந்து பார்ப்போருக்குச் சூரியன் நடுக்கோபுரத்தின் உச்சியிலேயே உதிப்பதாகத் தோன்றும். ஆனால் கல்லின் நிறத்தையும் சிற்பத்தின் நுணுக்கத்தையும் காண விரும்புவோர், வெயில் முகப்பில் விழும் பிற்பகலில் மறுபடியும் வர வேண்டும். விடியல் முடிந்ததும் கூட்டம் காலை உணவுக்காக விடுதிகளுக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் அங்கேயே இருந்து, உட்புற நடைகூடங்களுக்குச் செல்லுங்கள். ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரச் சுவர்களில் குருட்சேத்திரப் போரும், இலங்கைப் போரும், எமன் தீர்ப்பு வழங்கும் சபையும், கோயிலை எழுப்பிய மன்னன் இரண்டாம் சூரியவர்மனின் படை அணிவகுப்பும் அருகில் ஆளின்றி உங்களுக்காகக் காத்திருக்கும்.

கிழக்குக் கூடத்தில் பாற்கடல் கடையும் காட்சி மட்டும் ஏறத்தாழ 50 மீட்டர் நீளம். வாசுகியை ஒரு புறம் அசுரரும் மறுபுறம் தேவரும் பற்றி இழுக்க, நடுவே திருமால் நிற்கிறார். கீழே கடலில் நீந்தும் மீன்கள், மத்தாகிய மலையை நெருங்க நெருங்க நீர்ச்சுழலின் வேகத்தில் துண்டு துண்டாகச் சிதறுகின்றன. அந்த மீன்களைத் தவறவிடாதீர்கள். அசையாத கல்லில் வேகத்தைக் காட்ட அந்தச் சிற்பி கண்ட வழி அது.

நடைகூடத்தைச் சுற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நமக்குக் கோயிலை வலமாகச் சுற்றித்தான் பழக்கம். அங்கோர் வாட்டின் சிற்ப வரிசையோ இடமாகச் சுற்றினால்தான் தொடர்ச்சியாக அமைகிறது. மேற்கு நோக்கிய வாயிலையும் இந்த இடச்சுற்றையும் சேர்த்துப் பார்த்த அறிஞர் சிலர், மன்னனின் ஈமச்சடங்கோடு தொடர்புடைய கோயிலாக இது எழுப்பப்பட்டிருக்கலாம் என்று கருதினார்கள். மேற்கு திருமாலுக்குரிய திசை என்று விளக்கம் தருவோரும் உண்டு.

கேள்வி: அங்கோர் வாட்டைக் கட்டியது சோழ அரசன் என்றும், சூரியவர்மன் தமிழன் என்றும் ஒரு செய்தி அடிக்கடி கைப்பேசிக்கு வருகிறது. உண்மையா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: உண்மையில்லை. அங்கோர் வாட்டை 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுப்பியவன் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன். அதைக் கட்டிய தச்சரும் சிற்பியரும் கல் சுமந்தோரும் இன்றைய கம்போடிய மக்களின் முன்னோர்கள். அங்குள்ள கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் உள்ளன. ‘வர்மன்’ என்று முடியும் பெயர் பல்லவரிடம் இருந்ததுபோலவே தென்கிழக்காசிய மன்னர் பலரிடமும் இருந்தது. பெயரின் ஈற்றை வைத்துக் குலத்தை முடிவு செய்ய இயலாது. கட்டடக் கலையும் வேறுதான். மேரு மலையை நினைவூட்டும் ஐந்து கோபுரங்கள், கடலைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 190 மீட்டர் அகல அகழி, படிப்படியாக உயரும் மேடைகள், அவற்றைச் சுற்றி ஓடும் நடைகூடங்கள் என்ற அந்த அமைப்பு, கெமர் மக்கள் சில நூற்றாண்டுகள் முயன்று தாங்களே வளர்த்தெடுத்தது.

உண்மையான உறவு வேறு வகையில் இருக்கிறது; அது போதுமான அளவு சுவையானது. கெமர் எழுத்து தென்னிந்தியப் பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது. முதலாம் இராசேந்திர சோழனின் கரந்தைச் செப்பேடு, காம்போச (கம்போடிய) நாட்டு அரசன் இராசேந்திரனின் நட்பை நாடி ஒரு தேரை அனுப்பியதைச் சொல்கிறது. அப்போது அங்கே ஆண்டவன் முதலாம் சூரியவர்மன். பின்னர் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் காம்போச அரசன் அளித்த கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதைச் சிதம்பரத்துக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. கடலுக்கு இரு கரையிலும் இருந்த இரு பேரரசுகள் ஒன்றையொன்று மதித்தன என்பதற்கு இவை சான்று. அந்த மதிப்பை நாம் காக்க வேண்டுமானால், அவர்கள் கட்டியதை நம்முடையது என்று சொல்லிக்கொள்வதை முதலில் விட வேண்டும். கம்போடியாவின் தேசியக் கொடியில் இருப்பது அந்தக் கோயில்தான். அம்மக்களுக்கு அது எத்தகைய பெருமிதம் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படிப்பட்ட செய்திகளை மற்றவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் அம்மையாரின் சிற்பம் கம்போடியாவில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கே சென்றால் காணலாம்?
— ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: பந்தியாய் ஸ்ரேய் கோயிலில் காணலாம். அங்கோருக்கு அருகிலுள்ள சியெம் ரீப் நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஒரு மணி நேரப் பயணம். 967ஆம் ஆண்டு திருநிலைப்படுத்தப்பட்ட இந்தச் சிவன் கோயிலைக் கட்டியவர் அரசர் அல்லர். அரசவையில் பெருமதிப்புப் பெற்றிருந்த யக்ஞவராகர் என்ற அறிஞர். அங்கோர் வாட்டின் பேருருவைப் பார்த்த கண்ணுக்கு இது கையடக்கமாகத் தோன்றும். ஆனால் இளஞ்சிவப்பு நிற மணற்கல்லில், சந்தன மரத்தில் செதுக்கியதைப் போன்ற ஆழத்தோடும் கூர்மையோடும் இங்கிருக்கும் வேலைப்பாடு கம்போடியாவில் வேறெங்கும் இல்லை.

கிழக்கு வாயில் ஒன்றின் முகப்பில் சிவபெருமான் பல கரங்களோடு ஆடுகிறார். அவர் காலடியில் ஒரு புறம் முழவு கொட்டும் உருவமும், மறுபுறம் உடல் வற்றி, மார்பு தளர்ந்து, எலும்பெடுத்த ஒரு பெண் உருவமும் அமர்ந்திருக்கின்றன. அந்தப் பெண் உருவத்தை அறிஞர்கள் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். தம்மைப் பேய் என்றே பாடலில் குறித்துக்கொண்டு, திருவாலங்காட்டில் இறைவனின் ஆடலைக் கண்டவராகப் போற்றப்படும் அவர், அதே கோலத்தில், அதே ஆடலின் அடியில், இவ்வளவு தொலைவில் உட்கார்ந்திருக்கிறார். இந்தச் சிற்பம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும், கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனருகே அம்மையார் காட்டப்பட்டிருக்கும் சிற்பத்துக்கும் முற்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் கதை எவர் வாய்வழியாக, எந்தக் கப்பலில் அங்கே சென்றது என்பதற்குப் பதிவு இல்லை. வந்து சேர்ந்ததற்குக் கல்லே சாட்சி.

உருவம் சிறியது, உயரத்தில் இருப்பது. ஆகவே ஒரு சிறிய தொலைநோக்கியை எடுத்துச் செல்லுங்கள். கிழக்கு நோக்கிய கோயில் என்பதால் காலையில் சென்றால் வெளிச்சம் முகப்பில் விழும். கயிலையை இராவணன் அசைப்பது, காண்டவ வனம் எரிவது, கண்ணன் கம்சனைக் கொல்வது ஆகியவையும் அங்குள்ள முகப்புகளில் உண்டு. பின்னாளில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சராக உயர்ந்த அந்திரே மால்ரோ, 1923இல் இளைஞராக இருந்தபோது, இக்கோயிலின் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்று பிடிபட்டார். அவை மீட்கப்பட்டன.

கேள்வி: தா புரோம் கோயிலைப் பெரிய மரங்களின் வேர்கள் பிளந்துகொண்டிருப்பதைப் படங்களில் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. அந்த மரங்களை ஏன் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வெட்டினால் கட்டடம் விழுந்துவிடக் கூடும். பல இடங்களில் கல்லைப் பிளந்த வேரே இன்று அந்தக் கல்லைத் தாங்கியும் நிற்கிறது; மரம் பட்டுப்போனால் ஆபத்து இன்னும் பெரிது. அதோடு, காட்டுக்குள் இக்கோயில்கள் எப்படி இருந்தன என்பதைப் பின்வருவோர் காணட்டும் என்றே பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் தா புரோமை ஏறத்தாழ அதே நிலையில் விட்டுவைத்தார்கள். ஏழாம் செயவர்மன் தன் தாயின் நினைவாக 1186இல் எழுப்பிய மடாலயம் அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே மறுசீரமைப்பில் ஈடுபட்டிருப்பது இந்தியத் தொல்லியல் துறை. இதற்கு முன்பும், 1986 முதல் 1993 வரை, உள்நாட்டுப் போரின் அச்சம் நீங்காத காலத்தில் அங்கோர் வாட்டில் பணியாற்றியது நம் நாட்டுக் குழுதான். வேதிப்பொருள் கொண்டு கற்களைத் தூய்மை செய்த முறை பின்னர் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. ஆயினும் பிறர் வரத் தயங்கிய நேரத்தில் அவர்கள் சென்றார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

மறுசீரமைப்பு எவ்வளவு கடினம் என்பதை அறிய பாபுவோன் கோயிலுக்குச் செல்லுங்கள். 1960இல் தொடங்கி ஏறத்தாழ மூன்று லட்சம் கற்களைப் பிரித்து எண்ணிட்டு அடுக்கி வைத்திருந்த நேரத்தில் போர் மூண்டு வேலை நின்றது. எந்தக் கல் எங்கே இருந்தது என்ற குறிப்பேடுகள் கெமர் ரூஜ் என்ற தீவிரப் பொதுவுடைமை இயக்கத்தின் ஆட்சியில் அழிந்தன. 1995இல் மீண்டும் தொடங்கியவர்கள், ஒவ்வொரு கல்லையும் அளந்து பொருத்திப் பார்த்தே 2011இல் கோயிலை எழுப்பி முடித்தார்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய தலைநகரைக் கைவிட்டுவிட்டு மக்கள் ஏன் போனார்கள்?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அங்கோரை உருவாக்கியதும் நீர், அது தளர்ந்ததில் பெரும்பங்கு வகித்ததும் நீர். ஆண்டில் பாதி மழை, பாதி வறட்சி என்ற அந்நாட்டில், மழைநீரைத் தேக்கிக் கால்வாய்கள் வழியாகப் பகிர்ந்தளிக்கும் பெரும் அமைப்பை கெமர் அரசர்கள் கட்டினார்கள். மேற்கு பாராய் என்ற ஏரி மட்டும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. முழுவதும் கையால் எழுப்பிய கரைகள். இன்றும் அதில் நீர் நிற்கிறது. 2012இல் வானூர்தியிலிருந்து லைடார் என்ற லேசர் அளவீட்டைச் செய்தபோது, காட்டு மரங்களுக்கடியில் தெருக்களும் குளங்களும் வீட்டு மேடுகளும் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. உச்சக் காலத்தில் ஏழு முதல் ஒன்பது லட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என்று 2021இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது.

வியட்நாம் மலைகளில் உள்ள பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், 14ஆம் நூற்றாண்டிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல்லாண்டு நீடித்த வறட்சிகளும் அவற்றிடையே அளவுக்கு மீறிய மழையும் மாறி மாறி வந்ததைக் கண்டறிந்தார்கள். வறட்சிக்கேற்ப மாற்றியமைத்த கால்வாய்களைப் பெருவெள்ளம் அரித்தது; மணல் மூடியது. இன்றைய தாய்லாந்தில் இருந்த அயுத்தயா அரசின் படையெடுப்பும், கடல் வணிகத்துக்கு வசதியான தெற்குப் பகுதியை அரசு நாடியதும் சேர்ந்துகொண்டன. ஒரே நாளில் எவரும் ஓடிப்போகவில்லை. நகரம் தலைமுறை தலைமுறையாக மெலிந்தது.

பிரெஞ்சுப் பயணி ஆன்ரி மூஓ 1860இல் அங்கோரைக் ‘கண்டுபிடித்தார்’ என்று இன்னும் எழுதுகிறார்கள். அது சரியன்று. அங்கோர் வாட் பௌத்த வழிபாட்டுத் தலமாக மாறி, துறவியர் வாழும் இடமாகவே தொடர்ந்து இருந்தது. 1632இல் வந்த சப்பானியப் பயணி ஒருவர் தூணில் எழுதிவைத்த வரிகள் இன்றும் இருக்கின்றன. மேற்கு வாயிலில் எட்டுக் கரங்களோடு நிற்கும் திருமாலுக்கு உள்ளூர் மக்கள் இன்றும் ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த பெற்றோரை அழைத்துச் செல்ல எண்ணுகிறேன். இருவரும் சைவ உணவினர். அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்த மாதம் ஏற்றது?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை ஏற்றது. மார்ச் முதல் மே வரை வெயில் முதியோரைச் சோர்த்துவிடும். காலை ஆறிலிருந்து பத்தரை வரை ஒரு சுற்று, பகலில் விடுதியில் ஓய்வு, மூன்று மணிக்குமேல் ஒரு சுற்று என்று வகுத்துக்கொள்ளுங்கள். அங்கோர் வாட்டின் உச்சி மேடைக்குச் செல்லும் படிகள் மிகச் செங்குத்தானவை. அம்மா கீழேயே இருக்கலாம், சிற்பக் கூடங்கள் எல்லாம் கீழ்த்தளத்தில்தான் உள்ளன. மேலே செல்வோருக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். பௌத்த விரத நாள்களில் அந்த மேடை மூடியிருக்கும்.

சைவ உணவைப் பற்றிக் கவனம் தேவை. காய்கறிக் குழம்பிலும் மீன் சாறோ, பிரஹோக் என்ற மீன் விழுதோ சேர்ப்பது அங்கே வழக்கம். ஆகவே இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதாது. மீன் சாறும் விழுதும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். சியெம் ரீப்பில் இந்திய உணவகங்கள் உண்டு. டாலர் தாள்கள் கிழிசலோ கறையோ இருந்தால் வாங்க மாட்டார்கள். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் உள்ளது. வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். தாய்லாந்து எல்லையில் 2025இல் மோதல் ஏற்பட்டு நிலவழி மூடப்பட்டது. ஆகவே பாங்காக்கிலிருந்து பேருந்தில் செல்லத் திட்டமிடுவோர், அவ்வப்போதைய நிலையை அறியாமல் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: நாம் செலவிடும் பணம் அந்த ஊர் மக்களுக்குப் போய்ச் சேருகிறதா? கூட்டம் பெருகுவதால் கோயில்களுக்குக் கேடு இல்லையா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கேடு உண்டு. கோயில்களின் அடித்தளம் இறுக்கிய மணல். ஈரம் இருக்கும்வரைதான் அது பாரத்தைச் சமமாகத் தாங்கும். விடுதிகள் நிலத்தடி நீரை உறிஞ்சினால் மணல் இறங்கும், கல் விலகும். ஆகவேதான் அங்கோரை நிர்வகிக்கும் அப்சரா ஆணையம் பழைய அகழிகளையும் ஏரிகளையும் சீர்செய்து மீண்டும் நீர் நிரப்புகிறது. நீச்சல் குளம் இல்லாத விடுதியில் தங்குவது நீங்கள் செய்யக்கூடிய சிறு உதவி. யானைச் சவாரி 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது, நல்ல முடிவு.

மக்களைப் பொறுத்தவரை செய்தி கலப்பானது. தொல்லியல் பகுதிக்குள் வாழ்ந்துவந்த ஏறத்தாழ 10,000 குடும்பங்களை அரசு 2022 முதல் வேறிடங்களுக்கு மாற்றியது. விருப்பத்தின்பேரில் சென்றார்கள் என்கிறது அரசு. பலர் வற்புறுத்தப்பட்டார்கள் என்று மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி இன்டர்நேஷனல் 2023இல் அறிக்கை வெளியிட்டது. தலைமுறைகளாகக் கோயிலைச் சுற்றி வாழ்ந்த மக்களை வெளியேற்றிவிட்டுக் கல்லை மட்டும் காப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆகவே பணம் நேரே கைக்குச் சேரும் வழிகளை நாடுங்கள்: உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி, உள்ளூர் டுக்டுக் ஓட்டுநர், குடும்பத்தார் நடத்தும் தங்குமிடம். அஞ்சலட்டை விற்க வரும் சிறுவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள். விற்பனை நன்றாக நடந்தால் அவர்கள் பள்ளிக்குச் செல்வது நின்றுபோகும்.

நுழைவுச் சீட்டு ஒவ்வொன்றிலிருந்தும் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. சுவிட்சர்லாந்து மருத்துவர் பேயட் ரிக்னர் வளர்த்தெடுத்த இம்மருத்துவமனைகளில் குழந்தைகளுக்குச் சிகிச்சை முழுவதும் இலவசம். சியெம் ரீப்பில் உள்ள மருத்துவமனைக்கு, தன் நாடெங்கும் 102 மருத்துவச் சாலைகள் இருந்ததைத் தா புரோம் கல்வெட்டில் பொறித்துவைத்த ஏழாம் செயவர்மனின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அங்கோருக்குச் செல்லும் வழியிலேயே இருக்கிறது; இரத்த தானம் செய்ய விரும்பும் பயணிகளையும் அவர்கள் வரவேற்கிறார்கள்.